புளியங்கொட்டைக் கணக்கு

அன்று அறையில் இருந்தவர்கள்: காளிதாஸ் ஆகிய நான். என் கேசட்டுகளில் பேசும் ராமக்காள். அவருடைய மகள் பூங்குழலி. எண்ணெய் மில் முதலாளி மல்லப்பன். பகல் நேரம். எல்லோரும் சாப்பிட்டிருந்தோம், ராமக்காளைத் தவிர.

கதவு சாத்தப்பட்டபோது இரண்டு பேர் இருந்தோம். சாத்திய பிறகு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் முதலில் கேட்டது யார் யார் இருந்தார்கள் என்பதுதான். அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. தமிழில் எழுதிக் கொடு, கன்னடத்தில் மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்றீர்கள். பெயர்ப்பவரிடம் ஒரு வேண்டுகோள். 'விளம்பரத்துக்குப் பணம் வாங்கினான்' என்று ஒரு வரியில் முடித்துவிட வேண்டாம். பணம் எல்லோரும் வாங்குகிறார்கள். நான் விலை வைத்தேன். நியாயமான விலை வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும்.

எனக்கு ஊர் மார்டள்ளிப் பக்கம். மைசூருக்கு வந்தது ஒரு நூற்பாலையின் இரவு ஷிப்டுக்கு. அங்கே இரவுப்படி என்று ஒன்று கொடுப்பார்கள். பஞ்சுத் தூசியில் விடியும்வரை நிற்பவனுக்கும் அதே படி, வாசல் அறையில் மேசைமேல் தலை வைத்துத் தூங்கும் குமாஸ்தாவுக்கும் அதே படி. இது எந்த ஊர் நியாயம் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "ராத்திரி எல்லாருக்கும் ஒரே ராத்திரிதானப்பா" என்று சிரித்தார். வேலையை விட்டேன் என்று சொல்வது மரியாதைக்காக. ஒரு சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்தேன், திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். அவ்வளவுதான். வேலை போயிற்று, தூக்கம் மட்டும் திரும்பவில்லை. தூங்காதவனுக்கு யோசிக்க நேரம் அதிகம். நான் யோசித்தது பெரும்பாலும் ஒன்றைத்தான். எதற்கு என்ன விலை, அதை யார் முடிவு செய்கிறார்கள்.

பிறகு விஜயநகரில் பாதியில் நின்ற ஒரு வீட்டுக்குக் காவல் இருந்தேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில். சம்பளம் வரும் மாதம் வரும். பின்னால் சிமெண்ட் மூட்டை அடுக்குவதற்கென்று கட்டிய ஒரு சின்ன அறை இருந்தது, ஜன்னல் கிடையாது. பக்கத்து மனையில் கான்கிரீட் போட வந்த கும்பலில்தான் ராமக்காளை முதலில் கேட்டேன். பார்த்தேன் என்று எழுதவில்லை. முதலில் காதில்தான் விழுந்தார்.

"ஏனுங் மேஸ்திரி, ஜல்லி அளக்கறதுக்கு ஒரு கூடை, கூலி அளக்கறதுக்கு ஒரு கூடையாட்ட இருக்குதுங்களே?"

கும்பல் சிரித்தது. மேஸ்திரியும் சிரித்தார், சிரித்துவிட்டுக் கூலியைச் சரியாகக் கொடுத்தார். திட்டு வாங்கியவனே சிரிக்கிற குரல் ஆயிரத்தில் ஒன்று. மறுநாள் அவர் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது என் டேப் ரெக்கார்டரைப் பக்கத்தில் வைத்தேன்.

"இதென்னுது தம்பி, ரேடியோவா?"

"ரேடியோ பேசும் அக்கா. இது கேக்கும்."

"எங்கூட்டுல இத்தன வருசம் அப்படி ஒருத்தரும் இல்ல" என்றார். அது முதல் கேசட்டிலேயே இருக்கிறது.

மாதேஸ்வரன் மலைக்கு அமாவாசைக்குக் கூட்டம் போகும் என்பது உங்களுக்கே தெரியும். கொள்ளேகாலிலிருந்து மேலே ஏறும் பஸ்களில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள், தமிழ் பேசுகிறவர்கள். ஓட்டுநர்கள் பழைய பாட்டையே தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு புதுக் கேசட் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டு கிடையாது. ராமக்காள் பேசுவார். சந்தையில் தக்காளி என்ன விலை, எந்த ஊரில் எந்த மாப்பிள்ளை மாமியார் வீட்டில் அடி வாங்கினான், விரதம் இருந்துகொண்டே குடிக்கிறவர்களை மலைச்சாமி மாதப்பன் எந்தக் கணக்கில் சேர்ப்பார். ஆரம்பம் எப்போதும் ஒன்றுதான்: "ராமக்கா வந்திருக்கறனுங்க. ஜன்னலோரத்துல இருக்கறவங்க தலையை உள்ள இழுத்துக்குங்க, வளைவு வருது." முதல் முறை அதைக் கேட்டபோது பஸ்ஸில் பத்துத் தலை நிஜமாகவே உள்ளே போனது. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இதற்கு விலை இருக்கிறது என்று.

கேசட்டை விற்கவில்லை. விற்றால் கேட்பவன் வாங்குபவன் ஆகிவிடுவான், குறை சொல்வான். நடுவில் வரும் விளம்பரத்தை விற்றேன். அதை ராமக்காளே தன் பேச்சோடு பேச்சாகச் சொல்வார். கொள்ளேகாலில் பாத்திரக்கடை, மலைமேல் தங்கும் விடுதி, மைசூரில் தையல் மெஷின் விற்பவர் என்று ஆரம்பித்தோம்.

என்ன கேட்பது? மற்றவர்கள் ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள். கார் வைத்திருப்பவனிடம் ஒன்று, சைக்கிள் வைத்திருப்பவனிடம் ஒன்று. நான் அப்படிச் செய்யவில்லை. காதுக்கு விலை வைத்தேன். மாதக்கணக்கில் அந்தப் பஸ்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். மலை ஏறும்போது விழித்திருப்பார்கள், இறங்கும்போது தூங்குவார்கள். அதனால் கேசட்டின் முதல் பக்கத்துக்கு ஒரு விலை, மறுபக்கத்துக்கு அதில் பாதி. கடைசி வளைவுகளில் பலர் வாந்தி எடுப்பார்கள், அந்த இடத்தில் தின்பண்டக்காரர்களுக்கு விளம்பரம் விற்க மாட்டேன், அவர்களே கேட்டாலும். பெரிய கடைக்கும் சின்னக் கடைக்கும் ஒரே விலை. பேரம் கிடையாது. விடுதிக்காரர் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டபோது, உங்கள் கட்டிலில் பாதியை மட்டும் வாடகைக்கு விடுவீர்களா என்று கேட்டேன். முழு விலை கொடுத்தார்.

விழித்திருப்பவன் எல்லாம் வாங்குவானா என்று பாத்திரக்கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் புளியங்கொட்டை. 'ராமக்கா சொன்னாங்க' என்று சொல்லி வாங்குபவருக்குக் கடைக்காரர் ஏதாவது சின்னதாகக் கூடுதல் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது ஒரு புளியங்கொட்டையை மண்பானையில் போட வேண்டும். அமாவாசை முடிந்ததும் நான் போய்ப் பானையைக் கவிழ்ப்பேன். கொட்டை கூடினால் அடுத்த மாத விலை கூடும், குறைந்தால் நானே குறைத்துக்கொள்வேன். இரண்டு முறை குறைத்தும் இருக்கிறேன். மைசூரில் இதைவிட நேர்மையான விளம்பரக்காரன் இருந்தால் காட்டுங்கள்.

ராமக்காளுக்கு ஒரு விதி இருந்தது. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைவரை தான் புழங்கிப் பார்க்காத எதையும் கேசட்டில் சொல்ல மாட்டார். முகத்துக்குப் பூசும் க்ரீம் ஒன்று வந்தது, நல்ல விலை. ஒரு மாதம் இடது கன்னத்தில் மட்டும் பூசினார்.

"பாரு தம்பி, ரெண்டு கன்னமும் ஒரே கருப்பு. என்ற மாமியா பாத்தாக்கூட எது பூசினதுன்னு சொல்ல மாட்டா. இதைய நான் சொல்ல மாட்டன்."

க்ரீம்காரரைத் திருப்பி அனுப்பினேன். அந்த மாதம் நஷ்டம்தான். ஆனால் க்ரீம் கதையை ராமக்காள் கேசட்டில் சொல்லிவிட்டார், பெயர் சொல்லாமல். அதன்பிறகு மற்றப் பானைகளில் கொட்டை ஏறியது. அவருடைய விதிதான் என் விலையின் அடி என்று அப்போது புரிந்தது. ராமக்கா புழங்குவதைத்தான் ராமக்கா சொல்வார். கேட்பவர்கள் காசு கொடுப்பது அந்த ஒரு வாக்கியத்துக்கு. அதைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். கடைசிவரை காப்பாற்றினேன்.

மல்லப்பனின் கடலை எண்ணெய் மூன்றாம் வருடம் வந்தது. ராமக்காள் ஒரு மாதம் புழங்கினார், நல்ல எண்ணெய் என்றார். நல்ல எண்ணெய்தான், நானும் தின்றேன். "மலைமேலயும் இதே விலை, கீழயும் இதே விலை, கூட ஒரு பைசா கேட்டா என்கிட்ட சொல்லுங்க" என்று சேர்த்துச் சொன்னார். ஹனூரிலிருந்து மேலே உள்ள கடைகள் எல்லாம் அந்த டின்னை அடுக்கின. ஒரு பானை போதாமல் இரண்டாவது பானை வைத்தார்கள். நான் விலையை ஏற்றினேன். பிறகும் ஏற்றினேன்.

"உங்க ராமக்கா பேச்சுக்குக் கொடுக்கிற காசுல இன்னொரு மில்லே போடலாம் ரீ" என்றார் மல்லப்பன்.

"பேச்சு வேண்டாம்னா நிறுத்திக்கலாம்."

"நிறுத்தினா யார் வாங்கறாங்க? அதுதானே கஷ்டம்."

அவர் நிறுத்தவில்லை. அடுத்த வருடம் விளம்பரப் பணம் வாங்க மில்லுக்குப் போனபோது பின்கொட்டகையில் சில மூட்டைகளைப் பார்த்தேன். ஒன்றின் வாய் அவிழ்ந்திருந்தது. கடுகைப் போல் கருப்பாக, சின்னதாக. எங்கள் பக்கத்தில் வரப்போரம் முளைக்கும் பிரம்மதண்டின் விதை. முள் இலை, மஞ்சள் பூ, ஆடு வாய் வைக்காது. பக்கத்து ஊரில் ஒரு குடும்பம் பஞ்சத்தில் அதைக் கடுகோடு சேர்த்து ஆட்டித் தின்றுவிட்டு, கால் வீங்கி, மூச்சு முட்டிச் செத்தது எங்களுக்கெல்லாம் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

மல்லப்பன் என் பார்வையைப் பார்த்தார். மறைக்கவில்லை.

"எண்ணெய் விலையை நான் ஏத்த முடியாது. ஒரே விலைன்னு ராமக்கா டேப்புல சொல்லிட்டாங்க. உங்க விலை ஏறிட்டே போகுது. நடுவுல இருக்கிற நான் எங்கிருந்து எடுக்கறது? ஸ்வல்பந்தான் கலக்கறேன். ஸ்வல்பத்துல என்ன ஆகும்?"

அதுவும் ஒரு கேள்விதான். அவர் டின்னில் போடுவது அவர் தொழில், நான் நாடாவில் போடுவது என் தொழில் என்று முடிவு செய்தேன். ஆனால் ஒன்று யோசித்தேன். இப்படிப்பட்ட எண்ணெயை விற்க ராமக்காளின் வாக்கு அதிகமாகச் செலவாகும். அதிகமாகச் செலவாகும் பொருளுக்கு அதிக விலை. அங்கேயே, அந்த மூட்டைக்குப் பக்கத்தில் நின்றே, விலையை இரட்டித்துச் சொன்னேன். மல்லப்பன் மூட்டையின் வாயைக் கட்டினார். பிறகு உள்ளே போய்ப் பணம் எடுத்துவந்தார்.

ராமக்காளுக்கு மாதம் ஒரு டின் நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த மாதம் வேறு செக்கில் நல்ல எண்ணெய் வாங்கி, மல்லப்பன் டின்னில் ஊற்றிக் கொடுத்தேன். நீங்கள் இதைக் கேட்டால், 'பரவாயில்லை, கொஞ்சம் ஈரம் இருந்திருக்கிறது' என்று நினைப்பீர்கள். எனக்கு அந்த மாதம் முழுவதும் சங்கடமாக இருந்தது. ராமக்காள் "நான் பொழங்கற எண்ணெயத்தான் சொல்றனுங்க" என்று சொன்னபோது அது பொய்யாக இருந்தது. நாலு வருடத்தில் என் கேசட்டில் ஏறிய முதல் பொய். கேட்பவர்கள் ஒன்றைத் தின்கிறார்கள், சொல்பவர் வேறொன்றைத் தின்கிறார். இது மோசடி.

அடுத்த மாதத்திலிருந்து அவருக்கும் அதே எண்ணெயைக் கொடுத்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் கால் வீங்கியது. கான்கிரீட்டில் நிற்பதால் என்றார். செருப்பு நுழையவில்லை, வெறுங்காலோடு வந்தார். பேசும்போது மூச்சு வாங்கியது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் அந்த இழுப்பு நாடாவில் ஏறியது. நகல் எடுக்கும்போது இழுப்பு வரும் இடங்களில் மட்டும் நிறுத்தி நிறுத்தி வெட்டினேன். கேசட்டில் அவர் முன்னைவிட வேகமாகப் பேசுகிறார் என்று ஓட்டுநர் லிங்கப்பன் சொன்னார். "வயசு குறையுதாட்ட இருக்குது ராமக்காவுக்கு" என்றார்.

பஸ்ஸிலும் பார்த்தேன். மலைக்குப் போகிறவர்கள் நேர்த்திக்கடனுக்காக வெறுங்காலோடு போவார்கள், அதனால் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. நான் தரையில் இருந்த கால்களைப் பார்த்தேன். விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கும் கால்கள். தண்ணீர் கெட்டுவிட்டது என்றார்கள். மாதப்பனுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்றார்கள். வீக்கம் வடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இன்னும் அதிகம் பேர் மலை ஏறினார்கள். பஸ்ஸில் கூட்டம் கூடியது. காது கூடினால் விலை கூட வேண்டும் என்பது என் முறை. எல்லாக் கடைக்காரர்களுக்கும் ஒரே மாதிரி கூட்டினேன்.

ராமக்காளின் தம்பி சென்னிமலை ஹனூருக்கு மேலே விவசாயம் செய்கிறார். அவர் வீட்டில் மருமகள் போனாள், பின்னாலேயே பால்குடி மறவாத அவள் பிள்ளை போனது. அக்கா பேசுகிற எண்ணெய் என்று வேறு எண்ணெயை அவர்கள் வீட்டுக்குள் விட்டதே இல்லை. பானையைக் கவிழ்த்தபோது அவர் வீட்டுக் கொட்டைகளும் அதில் இருந்திருக்கும். எது என்று சொல்ல முடியாது. புளியங்கொட்டை எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும்.

சாவுக்குப் போய்வந்த பிறகு ராமக்காள் மாறினார். பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கிறேன் என்றார். முதலில் கிணற்றுத் தண்ணீர், பிறகு ரேஷன் அரிசி, பிறகு எண்ணெய். எண்ணெயை நிறுத்தியபோது என்னிடம் சொல்லவில்லை. டின் அப்படியே நிறைந்திருப்பதைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

இப்போது என் நிலைமையை யோசியுங்கள். அமாவாசை நெருங்குகிறது. மல்லப்பன் பணம் கொடுத்துவிட்டார். ராமக்காள் புழங்குகிறார் என்று நாடா சொல்கிறது, ராமக்காள் புழங்கவில்லை. அது மறுபடியும் பொய்யாகப் போகிறது. அவரை வற்புறுத்தினால் சந்தேகம் வரும். அதனால் பதிவுக்கும் ஒத்திகைக்கும் வரும் நாட்களில் நான் சமைத்துக் கொடுத்தேன். புளிசாதம், பஜ்ஜி. அந்த எண்ணெயில்தான். நன்றாக ஊற்றினேன்.

"தம்பிக்குக் கலியாணம் பண்ணி வைக்கோணும், இத்தன நல்லாச் சமைக்கறவன இப்படி வுட்டுட்டாங்களே" என்று சாப்பிட்டார்.

என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கேட்க நன்றாக இருந்தது. இன்னும் இரண்டு பஜ்ஜி வைத்தேன்.

அந்தக் கடைசிப் பகலுக்கு வருகிறேன். அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு. சிமெண்டுக்குக் கட்டிய அந்த ஜன்னலில்லாத அறைதான் என் பதிவு அறை, அதைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சுவர் நான்கிலும் பழைய மெத்தையும் தேங்காய்நார்ப் பாயும் அறைந்திருந்தேன். கதவுக்கு உள்பக்கம் ரப்பர் விரிப்பு. கரண்டில் ஓட்டினால் நாடாவில் ஒரு முனகல் ஏறும் என்பதால் ரெக்கார்டர் பேட்டரியில்தான் ஓடும். மின்விசிறி கிடையாது, சத்தம். உள்ளே அதிக நேரம் இருக்க முடியாது. ஒரு விளம்பரம் முடிந்ததும் கதவைத் திறந்து காற்று வாங்குவோம், பிறகு மறுபடியும் சாத்துவோம். பேசும்போது நான் உள்ளே இருக்க மாட்டேன், என் மூச்சும் ஏறிவிடும். பட்டனை அழுத்திவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துவேன். முடிந்ததும் அவர் உள்ளிருந்து தட்டுவார். ஐந்து வருடமாக அப்படித்தான்.

அன்று பூங்குழலியும் கூட வந்தாள். அவள் ஊதுபத்தி உருட்டும் வேலைக்குப் போகிற பெண், கையில் எப்போதும் அந்தக் கருப்பு ஒட்டியிருக்கும். அம்மாவால் தனியாக நடக்க முடியவில்லை என்று தோளில் தாங்கிக் கூட்டிவந்தாள். மல்லப்பனும் வந்திருந்தார். இரட்டை விலை கொடுப்பவர், தன் விளம்பரம் எப்படிப் பதிவாகிறது என்று ஒருமுறை கேட்க ஆசைப்பட்டார்.

நான் புளிசாதம் எடுத்துவைத்தேன். ராமக்காள் தட்டைத் தள்ளினார்.

"இதைய நீ தின்னு தம்பி."

"நான் சாப்பிட்டாச்சுக்கா."

"இதையா தின்ன?"

நான் சோற்றுப் பாத்திரத்தை மூடினேன். அவர் மல்லப்பன் பக்கம் திரும்பினார்.

"எங்கூட்டுல உங்க எண்ணெய நிறுத்தினனுங்க, காலு வடிஞ்சுது. இங்க வந்து இவன் சோத்தத் தின்னுட்டுப் போனா மறுக்காவும் வீங்குது. வந்து தின்னா வீங்குது, வராட்டி வடியுது. க்ரீமு பூசிப் பாத்தாப்பலதான். ஒரு கன்னம் இங்க, ஒரு கன்னம் அங்க."

"ராமக்கா, பேடாம்மா" என்றார் மல்லப்பன். "சும்மா சந்தேகத்துல ஒண்ணும் சொல்லாதீங்க. என்ன வேணும் உங்களுக்கு, சொல்லுங்க."

"என்ற தம்பி மருமவளும் பிள்ளையும் வேணுமுங்க."

மல்லப்பன் எழுந்துவிட்டார். என்னிடம் கன்னடத்தில் சொன்னார், கேசட்டில் அந்த விளம்பர இடம் என்னுடையது, நான் காசு கொடுத்திருக்கிறேன், அதில் என்ன வருகிறது என்பது உன் பொறுப்பு. போய்விட்டார். அவருக்கு என்ன தெரியும் என்பதை அவரே எழுதிக் கொடுக்கட்டும்.

பூங்குழலி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏன் அண்ணா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.  அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, கடைக்குப் போய் ஒரு கோலி சோடா வாங்கி வா என்றேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ராமக்காள் தலையசைத்தார். போனாள்.

"நான் உன்னைய போலீசுல சொல்ல மாட்டன்" என்றார் ராமக்காள். "அது அப்புறம். முதல்ல இதைய நான் சொல்லியாகோணும். நான் சொல்லித்தான வாங்கினாங்க. நான் சொல்லித்தான் கொட்டோணும். அந்தப் பெட்டிய வை."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது நியாயம்தான், அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் அந்தக் கேசட் ஒரு முறை மலை ஏறினால், அதற்குப் பிறகு ராமக்காளின் வாக்குக்கு யார் என்ன விலை கொடுப்பார்கள்? ஐந்து வருடம் கூட்டியும் குறைத்தும் நான் கட்டிய விலை. எந்தக் கடைக்காரனும் தப்பு சொல்ல முடியாத விலை. அது ஒரே வளைவில் பூஜ்யம் ஆகும். அதை அவர் யோசிக்கவில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் பேசுவதுதான்.

சரி அக்கா என்றேன். புது நாடா போட்டேன், பேட்டரியைச் சரிபார்த்தேன்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். எண்ணெய் என்னவென்று தெரிந்தே கொடுத்தேன். சோற்றில் தெரிந்தே ஊற்றினேன். பூங்குழலி சோடாவோடு வந்தபோது, அம்மாவுக்கு முடியவில்லை, மல்லப்பன் திரும்பிவந்து காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார் என்றேன். சோடா பாட்டிலைப் படியில் வைத்துவிட்டு ஓடினாள். நான் போன மாதத்துக் கேசட்டின் நகல்களைப் பையில் எடுத்துக்கொண்டு கொள்ளேகாலுக்கு பஸ் ஏறினேன். அமாவாசைக்குக் கேசட் கொடுக்காமல் நான் இருந்ததே இல்லை.

சாகட்டும் என்று நினைத்தேனா என்று கேட்டீர்கள். அமாவாசை தாண்டட்டும் என்றுதான் நினைத்தேன். அந்த மூச்சோடு அந்த அறையில் அமாவாசைவரை ஒருவர் இருக்க முடியாது என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்க முடிகிறது. நீங்களும் முயன்று பாருங்கள்.

மறுநாள் பூங்குழலி எல்லா ஆஸ்பத்திரிக்கும் அலைந்துவிட்டுத் திரும்பிவந்து, பக்கத்து மனைக் காவல்காரரை வைத்துப் பூட்டை உடைத்திருக்கிறாள். அம்மாவை வெளியே எடுத்த கையோடு ரெக்கார்டரிலிருந்த நாடாவையும் எடுத்தாள். உங்களிடம் வருவதற்கு முன்னால் அதை லிங்கப்பனிடம் கொடுத்திருக்கிறாள். அம்மா யாரிடம் பேசினாரோ அவர்களுக்கு முதலில் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்திருப்பாள். புத்திசாலிப் பெண்.

நேற்று அதை எனக்குப் போட்டுக்காட்டினீர்கள். ராமக்கா வந்திருக்கறனுங்க என்று வழக்கம்போல்தான் ஆரம்பிக்கிறார். எண்ணெயைப் பற்றிச் சொல்கிறார், சென்னிமலை வீட்டைப் பற்றிச் சொல்கிறார். "என்ற பேரைச் சொல்லி வாங்கினவங்க எல்லாம், என்ற பேரைச் சொல்லியே கொட்டிருங்க" என்கிறார். நான் ஐந்து வருடத்தில் எழுதிக் கொடுத்த எந்த விளம்பரமும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, மூச்சு மட்டும். பிறகு, முடிஞ்சுது தம்பி, தொற என்கிறார். தட்டுகிறார். என் பெயரைச் சொல்லித் தட்டுகிறார். நாடா தீரும்வரை அதுதான். மெத்தை நன்றாக வேலை செய்திருக்கிறது, எதிரொலியே இல்லை.

அந்தத் தட்டு வந்த இடத்தில் லிங்கப்பன் பஸ்ஸை ஒரு வளைவில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார் என்று சொன்னீர்கள். எத்தனை பேர் விழித்திருந்தார்கள் என்று கேட்டேன். நீங்கள் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். நான் கேட்டது கேலிக்கு அல்ல. அதில் ஒரு விளம்பரமும் இல்லை. என் அறையிலிருந்து விலையில்லாமல் போன கேசட் அது ஒன்றுதான். அது என்ன விலை பெறும் என்று தெரிந்துகொள்ள நினைத்தேன்.

என் தரப்பில் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. எல்லாவற்றிலும் அவரவர் பங்கை அவரவருக்கு வைப்பது என் பழக்கம். இதிலும் அப்படியே வைக்கிறேன்.

நான் பட்டனை அழுத்தியபோது பக்கத்து மனையில் லாரி ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தது. ராமக்காள் வீங்கிய காலை நீட்டி, சுவர் மெத்தையில் சாய்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். கோபமாகக்கூட இல்லை. வழக்கமாகப் பேச உட்காரும்போது இருப்பது போலத்தான் இருந்தார்.

"கதவைச் சாத்திட்டுப் போ தம்பி" என்றார். "சத்தம் உள்ள வருது."

சாத்தச் சொன்னது அவர். சாத்தினேன். பூட்டு மட்டும்தான் என்னுடையது.